மறுப்புப் புத்தகத்தில் என் மனுசன்

ஒக்டோபர் 7, செவ்வாய்

இன்று காலை எங்கள் கடைக் கண்ணாடியில் கவுன்சில்காரர்கள் ஒரு நீலத் தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். வந்த பெண்ணிடம் செலோரேப் இல்லை. மிகவும் பணிவாக என்னிடம் கேட்டாள். கொடுத்தேன். என் கடையை மூட வைக்கப்போகும் தாளை என் கடைச் செலோரேப்பாலேயே ஒட்டினார்கள்.

தாளில் இருப்பது இதுதான்: இந்தக் கடைக்கு மது விற்கக் கொடுத்த லைசன்ஸ் மீளாய்வு செய்யப்படும். காரணம், சிறு பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காக்கத் தவறியது. எதிர்ப்புச் சொல்ல விரும்புகிறவர்கள் இருபத்தெட்டு நாளுக்குள் எழுதலாம். நவம்பர் 25 விசாரணை.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். செப்ரெம்பர் 20, சனிக்கிழமை, பின்னேரம் நாலே முக்கால் அளவில் எங்கள் கடையில் ஒரு அரைப் போத்தல் வொட்கா பதினாலு வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு விற்கப்பட்டது. ஆறு மணிக்கு அவளைப் பூங்காவில் மயக்கமாகக் கண்டெடுத்து அம்புலன்சில் கொண்டுபோனார்கள். பக்கத்தில் எங்கள் பெயர் போட்ட பை கிடந்தது. பிள்ளை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். யார் விற்றது என்று அவள் சொல்லவில்லை. கடைக் கமராவும் அன்று வேலை செய்யவில்லை. பொலிஸ் வந்து கேட்டபோது நான்தான் கல்லாவில் நின்றேன் என்று சொன்னேன். லோயருக்கும் அதையே சொன்னேன். இங்கேயும் அதையே எழுதுகிறேன்.

லைசன்ஸ் பவளராணி தில்லைநாதன் என்ற என் பெயரில் இருக்கிறது. கடைப் பெயர் மட்டும் என் மனுசனுடையது, ‘தில்லைஸ் ஃபுட் அண்ட் வைன்’. இங்கிலாந்தின் இந்தக் கடற்கரைப் பட்டினத்தில் பாலும் பாணும் விற்றுப் பிழைக்க முடியாது, எதிரே பெரிய சுப்பர்மார்க்கெட் இருக்கிறது. லைசன்ஸ் போனால் கடை போகும். கடையும் மேல்மாடி வீடும் ஒரே குத்தகை என்பதால் வீடும் போகும். பதினாலு வருசம் நின்று நின்று முழங்கால் தேய்ந்த கடை. ஒரு நீலத் தாளுக்குக் கொடுத்துவிட்டுப் போக நான் வரவில்லை.

ஒக்டோபர் 8, புதன்

லோயர் நிமலன் நம்மவர், முப்பத்தைந்து வயது வரும். என்னை அன்ரி என்கிறார். விசாரணைக்கு முன்பே சட்டத்தை இம்மியும் பிசகாமல் நடத்திக் காட்டவேண்டுமாம். இருபத்தைந்து வயதுக்குக் கீழே தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்கவேண்டும். கமராப் பதிவு முப்பத்தொரு நாள் இருக்கவேண்டும். வெறியில் வருகிறவருக்கு விற்கக் கூடாது. விற்க மறுத்தால் யாருக்கு, எத்தனை மணிக்கு, ஏன் என்று மறுப்புப் புத்தகத்தில் எழுதவேண்டும்.

“கல்லாவில நிக்கிற ஆக்கள் குடிச்சிருக்கக் கூடாது அன்ரி. அது உங்களுக்குப் பிரச்சினை இல்லைத்தானே?”

“இல்லைத் தம்பி” என்றேன்.

அன்றாடம் நடப்பதைக் குறித்து வைக்கவும் சொன்னார். மறுப்புப் புத்தகம் ஆங்கிலத்தில். இந்தக் கொப்பி தமிழில், எனக்கு.

ஒக்டோபர் 11, சனி

நான்கு பேருக்கு மறுத்தேன். மூன்று பேர் கல்லூரிப் பிள்ளைகள், முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவது ஆள் சீமெந்துத் தூசியோடு வந்த முரட்டுப் பயல். அட்டை கேட்டதும், உன் நாட்டுக்குப் போ என்று சொல்லி அதற்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்தான். நான் புத்தகத்தை விரித்துப் பேனாவை எடுத்தேன். “நீங்கள் சொன்னதையும் இதில் எழுதவேண்டும். அந்தச் சொல்லை இன்னொரு தரம் ஆறுதலாகச் சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பின்னால் வரிசையில் நின்ற கிழவி சிரித்துவிட்டாள். அவன் பியரை வைத்துவிட்டுப் போனான்.

கமராக்காரன் வந்தான். கமராவில் பழுதே இல்லையாம், பிளக்கைத்தான் யாரோ கழற்றியிருக்கிறார்களாம். இனி கழற்ற முடியாதபடி பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னேன். திறப்பு என் தாலிக்கொடியில் தொங்குகிறது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

அரிசி வந்தது. கறிவேப்பிலை வரவில்லை. இவர் பகல் முழுக்கத் தலையிடி என்று படுத்திருந்தார்.

ஒக்டோபர் 16, வியாழன்

காலை பதினொன்று பத்து. இவர் மேலேயிருந்து இறங்கி வந்து, கல்லாவுக்குப் பின்னால் கையை நீட்டி, ஒரு கால் போத்தல் பிராந்தியை எடுத்தார். எத்தனையோ வருசமாக நடக்கிற காரியம். நான் அந்த நேரம் பார்த்து பருப்புப் பக்கெட்டை அடுக்கப் போய்விடுவேன். இன்றைக்கு அசையாமல் நின்றேன்.

“இஞ்சாருங்கோ, அதை வையுங்கோ.”

“என்ர கடையில எடுக்க நான் ஆரைக் கேக்கோணும்?”

“லைசன்ஸைக் கேக்கோணும். அது என்ர பேரில கிடக்கு. வெறியில நிக்கிற ஆளுக்குச் சாமான் குடுக்க எனக்கு அனுமதி இல்லை.”

“நான் காசு குடுத்து வாங்கேல்லையே! விக்காத சாமானுக்கு என்ன சட்டம்?”

குடித்திருந்தாலும் மூளை வேலை செய்கிறது. நான் போத்தலைப் பிடுங்கித் தட்டில் வைத்தேன். பிறகு புத்தகத்தில் எழுதினேன்: 11.10. ஆண். ஐம்பத்தெட்டு வயது. மொட்டை. சாம்பல் நிற ஸ்வெற்றர். மது வாடை, தள்ளாட்டம். மறுக்கப்பட்டது.

இவர் குனிந்து வாசித்தார். “இதார் மொட்டை?”

“நீங்கள்தான்.”

“ராணி, உமக்கு விசரோ?”

“ஓம். அதையும் எழுதட்டோ?”

கதவு அதிர அடித்துக்கொண்டு மேலே போனார். எழுத்து வடிவாக வந்திருக்கிறது.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நம்மவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். எல்லோருக்கும் அட்டைச் சட்டம்தான். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் லண்டனிலிருந்து மச்சாள் ரெலிபோன் எடுத்தார். இவருடைய தமக்கை. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வாழ்த்துச் சொல்ல எடுத்ததாக நினைத்தேன்.

“என்ர தம்பியை அரசாங்கப் புத்தகத்தில வெறிகாரன் எண்டு எழுதினீராமே?”

“பேர் எழுதேல்லை மச்சாள். மொட்டை எண்டுதான் எழுதினனான்.”

பிறகு, “புருசனைக் காட்டிக் குடுக்கிற பழக்கம் எங்கட குடும்பத்தில இல்லை” என்றார். உண்மைதான். மறைக்கிற பழக்கம்தான் இருக்கிறது, அதில் நான்தான் முதலாம் பிள்ளை.

ஒக்டோபர் 23, வியாழன்

லைசன்ஸ் பிரிவுப் பொலிஸ் அம்மா ஜூடித் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். கமரா பார்த்தாள். மறுப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். நல்ல கண்ணாடி போட்டிருக்கிறாள், ஒரு வரியும் தப்பாது.

“இந்த மொட்டை மனிதர் அடிக்கடி வருகிறாரே. ஒரு வாரத்தில் ஆறு தடவை! யார் இவர்?”

“இந்தப் பக்கத்து ஆள்தான்” என்றேன்.

“இப்படிப்பட்டவரை நீ உள்ளேயே விடவேண்டியதில்லை, தெரியுமா? தடை செய்யலாம்.”

“யோசிக்கிறேன்” என்றேன்.

அந்த மொட்டை மனிதர் அப்போது மூன்றாம் தட்டுப் பக்கம் நின்று ரின்மீன் அடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல காலம், தொப்பி போட்டிருந்தார்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

மழை. மூன்று மணிக்கு ஒரு பெண் வந்தாள். ஒன்றும் எடுக்காமல் நேரே கல்லாவுக்கு வந்து நின்றாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவள், அந்தச் சட்டையோடு வந்திருந்தாள். தன் பெயர் டெபி என்றாள். அந்தப் பிள்ளையின் தாய்.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் சொல்ல ஆயத்தமாகவும் இருந்தேன். அவள் சத்தம் போடவில்லை.

“நீதானே என் மகளுக்கு விற்றவள்?”

“ஓம்” என்றேன்.

“அவள் முகத்தைப் பார்த்தாயா?”

“பார்த்தேன். பெரிய பிள்ளை மாதிரித் தெரிந்தது.”

“பல்லில் கம்பி இருந்ததே, அதைப் பார்த்தாயா?”

அவள் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். மெலிந்த முகம். மூக்கில் புள்ளிப் புள்ளியாக இருக்கிறது. வாய் நிறையக் கம்பியோடு சிரிக்கிறாள். பதினாலு என்று கூடச் சொல்ல முடியாது, பன்னிரண்டு சொல்லலாம். எந்தக் குருடனும் அட்டை கேட்டிருப்பான். அந்த முகத்தை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?” என்று கேட்டாள்.

“ஒரு மகள். நோர்வேயில்.”

“அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கவேண்டும்” என்று சொல்லிவிட்டு மழைக்குள் போனாள்.

ஒக்டோபர் 29, புதன்

கடை திறந்தேன். பால் வந்தது. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

எழுத இருக்கிறது.

இந்தக் கொப்பியை நான் மட்டும்தான் வாசிக்கிறேன். இதிலும் பொய் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

செப்ரெம்பர் 20 முதலாவது புரட்டாதிச் சனி. நான் கடையில் இல்லை. பஸ் எடுத்து அடுத்த நகரத்துக் கோயிலுக்குப் போயிருந்தேன். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்தேன். இவருக்குத்தான் ஏழரைச் சனி, இவருக்காகத்தான் எரித்தேன். நாலே முக்காலுக்கு நான் நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கல்லாவில் நின்றது இவர்.

கடைக்குத் திரும்பியபோது இவர் வெங்காய மூட்டைமேல் சாய்ந்து நித்திரை. கமரா பிளக் கழன்று கிடந்தது. தான் குடிப்பதை நான் பிறகு போட்டுப் பார்க்கக் கூடாது என்று கழற்றிவிடுவார். இரண்டு நாள் கழித்துப் பொலிஸ் வந்தது. யார் விற்றது என்று ஒரு பொலிஸ்காரன் கேட்டான். இவருடைய வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அதற்குள் நான், “நான்தான்” என்றேன். யோசிக்கவே இல்லை. தும்மல் வருவதுபோல வந்துவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“அப்பாவுக்கு எண்டு கேட்டவள்” என்றார்.

“கேட்டால்?”

“நான் பத்து வயசில அப்புவுக்குத் தவறணையில கள்ளு வாங்கிக்கொண்டு போனனான். ஆரும் எனக்கு இல்லையெண்டு சொன்னவையோ? தகப்பனுக்கெண்டு வந்து நிக்கிற பிள்ளையை வெறுங்கையோட அனுப்பேலுமோ?”

அந்த நேரம் அது எனக்கு ஒரு நியாயமாகக்கூடத் தோன்றியது. நானும் அந்த ஊர்க்காரிதானே. தகப்பனுக்குச் சுருட்டு வாங்கப் போகாத பிள்ளை எங்கள் ஒழுங்கையில் இல்லை. இந்த நாட்டில் வந்து முப்பது வருசம் ஆகியும், ஒரு பிள்ளை “அப்பாவுக்கு” என்றதும் இவருக்கு அந்தத் தவறணைதான் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. தெளிவாக இருந்தால் பல்லுக் கம்பி தெரிந்திருக்கும்.

நான் ஏன் பழியை ஏற்றேன்? லைசன்ஸ்காரியே ஒரு தரம் பிழை விட்டாள் என்றால் கவுன்சில் மன்னிக்கும், வெறிகாரன் கல்லாவில் நின்றான் என்றால் கடையை இழுத்து மூடும். லோயரிடம் கேட்டால் அப்படித்தான் சொல்வார். ஆனால் அது பிறகு கண்டுபிடித்த காரணம். உண்மையான காரணம் பழக்கம். இருபத்தாறு வருசமாகக் கலியாண வீட்டில் இவருக்குக் காய்ச்சல், சாமத்திய வீட்டில் முதுகுப் பிடிப்பு, மகளின் பட்டமளிப்பில் தடிமன். அவ்வளவு வருத்தம் ஒரு மனிதனுக்கு உண்மையில் வந்திருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். சொல்லிச் சொல்லி என் வாய் பழகிவிட்டது.

நான் பார்க்காத பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன் என்று அந்தத் தாயிடம் சொன்னேன். அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மச்சாள் லண்டனிலிருந்து ரயிலில் வந்தார். கைநிறையப் பலகாரம். தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் கோழிக்கறி காய்ச்சி, புட்டு அவித்து, கத்தரிக்காய் பொரித்தேன். குசினிக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான் இருக்கிறது. கதைப்பதெல்லாம் கேட்கும்.

“உண்மையில என்னதான் நடந்தது தம்பி?” என்று மச்சாள் கேட்டார்.

“என்னத்தைச் சொல்ல அக்கா. நான் மேல படுத்திருந்தனான். இவதான் வித்தவ. பிள்ளையின்ர முகத்தைக்கூடப் பாக்கேல்லை. நான் கட்டின கடை, இவ கெடுத்துப்போட்டா.”

அகப்பை கையிலேயே நின்றது. இவர் மறைக்கவில்லை, நடிக்கவும் இல்லை. குரலில் அவ்வளவு கவலை. ஏழு வாரமாக நான் சொன்ன பொய்யை இவர் நம்பத் தொடங்கிவிட்டார்! நான் விற்றவள், இவர் பாதிக்கப்பட்டவர்.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போனேன்.

“இன்னொருக்கா சொல்லுங்கோ. ஆர் வித்தது?”

இவர் மச்சாளைப் பார்த்தார், பிறகு புட்டைப் பார்த்தார். “நீர்தானே பொலிசுக்குச் சொன்னனீர்” என்றார்.

“நான் சொன்னது இருக்கட்டும். ஆர் வித்தது?”

மச்சாள் எழுந்தார். “ராணி, சாப்பிடுற மனுசனோட கத்தாதையும். பிழை விட்டது ஆரெண்டாலும் இனிக் கதைச்சு என்ன? விசாரணையில ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேளும். பொம்பிளை அழுதா விட்டிடுவினம்.”

“நான் செய்யாததுக்கு எனக்கு அழ வராது மச்சாள்.”

எனக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம். கண்ணைக் கசக்க வைக்கிற கோபம் இல்லை, முதுகை நிமிர்த்துகிற கோபம். மிச்சப் புட்டை நானே சாப்பிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

மச்சாள் போய்விட்டார். மறுப்புப் புத்தகத்தில் இன்று மட்டும் மொட்டை மூன்று தடவை.

நவம்பர் 18, செவ்வாய்

லோயரிடம் உண்மையைச் சொன்னேன். நிமலன் பேனாவை மூடிவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“அன்ரி, இதை நான் கேட்டனான் எண்டு வைச்சுக்கொண்டு உங்களைப் பொய் சொல்ல விடேலாது. ஆனா நீங்கள் வாய் திறக்காமல் இருக்கலாம். நான் கதைக்கிறன். பதினாலு வருசம் சுத்தமான பேர், புதுக் கமரா, மறுப்புப் புத்தகம். இது காணும்.”

“அந்தத் தாய் வருவாவோ?”

“வருவா. எதிர்ப்பு எழுதியிருக்கிறா.”

“அவ கேட்டால்?”

“நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் கடையும் போகலாம், பொலிசுக்குப் பொய் சொன்னதுக்கு வழக்கும் வரலாம். யோசியுங்கோ அன்ரி.”

யோசித்தேன். பஸ்ஸில் வரும் வழி முழுக்க யோசித்தேன். இந்த மனிதனுக்காக ஒரு தரம் கடையைப் பணயம் வைத்தாகிவிட்டது. எனக்காக ஒரு தரம் வைத்தால் என்ன?

நவம்பர் 24, திங்கள்

கடை கூட்டி, குளிர்ப்பெட்டி துடைத்து, திகதி முடிந்த தயிர் எடுத்து வீசினேன். நாளைக்குக் கட்ட பச்சைச் சேலை எடுத்து வைத்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு போகச் சொன்னார் நிமலன். சேலைக்கு மேலே கோட்டும் போடலாம்.

இவரிடம், நாளைக்கு உண்மை சொல்லப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். முதுகில் குத்துகிற ஆள் நான் இல்லை.

“சொல்லமாட்டீர்” என்றார், ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நவம்பர் 25, செவ்வாய்

கவுன்சில் மண்டபம். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று கவுன்சிலர்கள், இந்தப் பக்கம் நானும் நிமலனும். ஜூடித் ஒரு மூலையில், டெபி இன்னொரு மூலையில். இவரும் வந்திருந்தார், குளித்து, சவரம் செய்து, நீலக் கோட்டோடு. பின்வரிசையில் நல்ல மனிதராகத் தெரிந்தார். அதைப் பார்க்க மனம் ஒரு கணம் இளகியது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூடித் கதைத்தாள். டெபி எழுதி வந்ததை வாசித்தாள், கடைசியில் நின்று நின்று வாசித்தாள். நிமலன் என் மறுப்புப் புத்தகத்தைக் காட்டினார். தலைவி, வெள்ளை முடிக்காரி, பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” என்று கேட்டாள். நிமலனுடைய சப்பாத்து மேசைக்குக் கீழே என் காலைத் தட்டியது.

எழுந்தேன். என் ஆங்கிலம் கடை ஆங்கிலம். அதிலேயே சொன்னேன்.

“அன்றைக்கு நான் கடையில் இல்லை. விற்றது என் கணவர். அவர் குடித்திருந்தார். பொலிசிடம் நான் பொய் சொன்னேன். இந்த அம்மா தன் மகளின் படத்தைக் காட்டும்வரை நான் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. புத்தகத்தில் இருபத்தொன்பது தடவை எழுதியிருக்கிற மொட்டை மனிதர் அவர்தான்.”

நிமலன் கண்ணை மூடிக்கொண்டார். ஜூடித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பின்னால் ஒரு கதிரை உரசும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அடுத்ததைச் சொல்லியிருக்க மாட்டேன்.

“நீங்கள் எனக்கு எட்டு நிபந்தனை போடப்போகிறீர்கள் என்று விசாரணைத் தாளில் இருக்கிறது. ஒன்பதாவதாக ஒன்று போடுங்கள். தில்லைநாதன் என்ற என் கணவர் அந்தக் கடைக்குள் வரக்கூடாது. நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார். அவருடைய அக்கா கேட்கவிடமாட்டார். நீங்கள் எழுதித் தாருங்கள்.”

தலைவிக்கு இப்படி ஒன்று யாரும் கேட்டு அனுபவம் இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. “அது உங்கள் வீடும்தானே?” என்றாள்.

“மேல்மாடிதான் வீடு. லைசன்ஸ் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது, அது கீழ்க் கடையை மட்டும்தான் சுற்றி நிற்கிறது. மேலே போக, குப்பைத்தொட்டிச் சந்துப் பக்கம் இரும்புப் படி இருக்கிறது. வீட்டில் அவர் என் கணவர். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு உள்ளே வர ஏலாது.”

அவர்கள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள். ஐம்பது நிமிடம். டெபி இரண்டு பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர் எடுத்து வந்து ஒன்றை எனக்கு முன்னால் வைத்தாள். குடித்தேன்.

தீர்ப்பு: லைசன்ஸ் பறிக்கவில்லை. ஆறு வாரம் இடைநிறுத்தம். ஒன்பது நிபந்தனை. இடைநிறுத்தமும் புது நிபந்தனைகளும் மேன்முறையீட்டுக்கான இருபத்தொரு நாள் கழிந்துதான் தொடங்கும். அதாவது நத்தார்ப் பண்டிகைக்கும் புதுவருசத்துக்கும் ஒரு போத்தலும் விற்க முடியாது. வருசத்தில் நாங்கள் தலை நிமிர்வதே அந்த இரண்டு வாரத்தில்தான். போகட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மார்கழியைத் தாண்டுவேன், மிச்ச வருசங்கள் என்னுடையவை.

இருபத்தொரு நாளுக்கு இவர் கடைக்குள் வரலாம் என்று நிமலன் விளக்கினார். நான் வீட்டுக்கு வந்ததும், மேல்மாடியிலிருந்து கடைக்குள் இறங்கும் உள்படிக் கதவைப் பூட்டினேன்.

நவம்பர் 26, புதன்

பொலிஸ் நிலையம் போய் வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுத்தேன். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. இவருக்கு அபராதம்.

மச்சாள் ரெலிபோன். “என்ர தம்பியைச் சொந்தக் கடையால சட்டம் போட்டுத் துரத்திப்போட்டீரே! நீர் ஒரு பொம்பிளையோ?”

“ஓம் மச்சாள். லைசன்ஸ் உள்ள பொம்பிளை.”

வைத்துவிட்டார்.

டிசம்பர் 4, வியாழன்

இவர் என்னோடு கதைப்பதில்லை. இரும்புப் படியில் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்கும். மேலே மேசையில் சாப்பாடு மூடி வைப்பேன், கோப்பை கழுவி இருக்கும். எதிர்ச் சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிக் குடிக்கிறார். அங்கே என்னால் ஒன்றும் செய்ய ஏலாது. முன்னைப்போல் அல்ல, குறைவு. அதை நம்பி மகிழ நான் இன்னும் தயாரில்லை.

டிசம்பர் 17, புதன்

இன்று இடைநிறுத்தம் தொடங்கியது. மதுத் தட்டுகளைக் கட்டில் விரிப்புகளால் மூடினேன். பூப்போட்ட விரிப்பு. வாடிக்கையாளர்கள் விசாரித்தார்கள், காரணத்தை ஒளிக்காமல் சொன்னேன். சீமெந்துத் தூசிப் பயல்கூட வந்தான், விரிப்பைப் பார்த்தான், சொக்லேற் வாங்கிக்கொண்டு போனான். புது லைசன்ஸ் தாளைச் சட்டப்படி சுவரில் மாட்டினேன். ஒன்பதாம் நிபந்தனை கண் மட்டத்துக்கு வருமாறு ஆணி அடித்தேன்.

டிசம்பர் 20, சனி

பின்னேரம் நாலு மணி. ஆலங்கட்டி மழை. கடையில் ஒரு சனம் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இவர் நிற்கிறார். தொப்பி இல்லை. மொட்டைத் தலையில் ஆலங்கட்டி விழுந்து தெறிக்கிறது. கதவைத் திறந்தேன். இவர் வாசல்படியில் கால் வைக்கவில்லை.

“ஒரு பக்கெட் பால் தாரும்” என்றார்.

மூன்றரை வாரத்தில் என்னோடு பேசிய முதல் வார்த்தை. மது வாடை இல்லை. நான் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன், இல்லை. பால் எடுத்து வந்து கையை வெளியே நீட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். போகவில்லை.

“உள்ள வரட்டோ? குளிருது.”

“வரேலாது.”

“ஓம்” என்றார். சுவரில் இருந்த தாளைத் தூரத்திலிருந்து பார்த்தார். ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது, ஆனாலும் தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். நான் ஒரு சண்டைக்கு ஆயத்தமாக இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

“ராணி.”

“என்ன?”

“அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்பிடியாம்?”

மூன்று மாதம். பொலிஸ் வந்து, நீலத் தாள் ஒட்டி, விசாரணை நடந்து, அபராதம் கட்டி, இன்றைக்குத்தான் கேட்கிறார்.

“சுகமாம். பள்ளிக்கூடம் போறாளாம். போன கிழமை தாய் பாண் வாங்க வந்தபோது சொன்னவ.”

தலையை ஆட்டினார். பால் பக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குப்பைத்தொட்டிச் சந்துப் பக்கம் நடந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, விக்கி விக்கி அழுதேன். கூப்பிட்டு உள்ளே விட்டிருக்கலாம், ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறு மணி வரைக்கும் கடையில் நின்றேன்.